கேயாபேரியா கரைக்கோடு

கிடர்பூர்,
12 ஆகஸ்ட் 2024

மருதமுத்துவுக்கு,

நலம் விசாரிக்கும் வேலையை லட்சுமியிடம் விட்டுவிட்டேன். அவள் கேட்கச் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் விஷயம்.

நேற்று வங்காளிப் பேப்பரில் உங்கள் கேயாபேரியாவின் படம் வந்திருக்கிறது. போட்டோ இல்லை, கம்ப்யூட்டரில் வரைந்தது. ஆற்றங்கரைச் சுற்றுலா நகரமாம். நூற்றிருபது குடில்கள், மூன்று மாடி ஓட்டல், கல்கத்தாவிலிருந்து சொகுசுக் கப்பல் வந்து அணைய ஆற்றுக்குள் நீளும் ஒரு ஜெட்டி மேடை. படித்துறையை ஒட்டிய நாற்பத்தொரு வீட்டையும் எடுக்கிறார்கள். ஜெட்டி ஆரம்பிக்கும் இடம் உன் மாட்டுக்கொட்டகை. உன் வீடு இருக்கிற இடத்தில் நீச்சல்குளம். ஆற்றங்கரையில் வந்து தங்கிக் குளத்தில் குளிக்கிறவனுக்கு ஆறு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

இதை நீ எழுதவில்லை. பேப்பரைப் பார்த்து நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முப்பது வருடம் நீ ஓட்டிய நம் லாஞ்ச் எஞ்சின் உன் காதைத் தின்றுவிட்டது, போனில் பேச முடியாது, சரி. எழுதுவதற்குக் காது வேண்டாமே.

இருபத்தொன்பது வீடு சம்மதம் கொடுத்துவிட்டது என்று போட்டிருக்கிறான். அதில் உன் பெயர் இருக்காது என்று நினைக்கிறேன். உன் நிலம் இல்லாமல் ஜெட்டி இல்லை. ஜெட்டி இல்லாமல் கப்பல் இல்லை. கப்பல் வராவிட்டால் கம்பெனிக்காரனும் வரமாட்டான். ஆகையால் நீ பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். கையெழுத்துப் போடாமல் இரு. அவ்வளவுதான்.

மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். மாவட்ட ஆபீசுக்கு மனு எழுதியாகிவிட்டது. எட்டாவதோடு நின்றவனின் இங்கிலீஷ்தான், ஆனாலும் புரியும். முப்பத்தாறு வருடம் துறைமுகத்தின் அளவை லாஞ்சில் நின்று குண்டுக்கயிறு போட்டு ஆற்றின் ஆழம் பார்த்தேன். சர்டிபிகேட் இல்லாதவன் என்பதால் நான் அளந்ததையெல்லாம் மற்றவன் பெயர் போட்டுத்தான் மேலே அனுப்பினார்கள். இந்த மனுவிலாவது என் பெயர் இருக்கட்டும்.

லட்சுமி கேட்கிறாள்: உன் வீட்டுக்காரி, மேக்னா அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? லேக் மார்க்கெட்டில் நல்லெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறாளாம். அந்தப் பக்கம் வருகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்.

மாணிக்கம்


கேயாபேரியா,
2 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு மருதமுத்து வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் போஸ்ட்மேன் மூன்று நாள் பையிலேயே வைத்திருந்துவிட்டுக் கொடுத்தான். மண்கரை முழுக்கச் சேறு, சைக்கிள் இறங்காது என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கரையில் நானே போன வாரம் விழுந்தேன்.

கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணே, ரிட்டயரான பிறகு நீங்கள் வருடத்துக்கு ஒருமுறை வருவீர்கள். காளி பூஜை முடிந்து, பனிக்காலம் தொடங்கும்போது. ஆறு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். நாம் படகை எடுத்துக்கொண்டு போய் நான்கு நாள் ஆழம் பார்ப்போம், மீன் குழம்பு சாப்பிடுவோம், நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். ஆவணியில் நீங்கள் வந்ததில்லை. ஐந்து வருடத்தில் மூன்று தடவை மண்கரை உடைந்தது. உப்புத்தண்ணீர் ஏறின வயலில் இரண்டு வருடம் புல்லும் முளைக்கவில்லை. குடிதண்ணீருக்கு அரை மைல் நடக்கிறாள் மேக்னா அம்மா, அந்த முழங்காலோடு. அண்ணியிடம் சொல்லுங்கள், எண்ணெய் தேய்க்கிற கட்டம் தாண்டிவிட்டது.

நிலம் கொடுக்கிற வீட்டுக்குக் கடைத்தெரு பக்கம் மேட்டில் ஆளுக்கொரு காங்கிரீட் வீடு கொடுக்கிறார்கள். மாதிரிக்கு ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள். போன மாதம் போய்ப் பார்த்தோம். மேக்னா அம்மா சமையலறைக் குழாயைத் திறந்தாள், மூடினாள். திறந்தாள், மூடினாள். அப்புறம் "சொலோ" என்றாள், போகலாம் என்று. நாற்பது வருடத்தில் அவள் என்னிடம் ஏதாவது கேட்டிருக்கிறாளா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

எங்கள் பெண் மேக்னாவுக்கு அந்த ஓட்டலில் வரவேற்பு மேஜை வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பி.ஏ. முடித்துவிட்டு நான்கு வருடமாக வீட்டில் கோழி விரட்டுகிறாள்.

நீங்கள் கோபப்படுவீர்கள். படுங்கள். பதில் மட்டும் எழுதுங்கள்.

மருதமுத்து


கிடர்பூர்,
20 செப்டம்பர் 2024

மருதமுத்து,

கோபம் இல்லை. களைப்பாக இருக்கிறது. உனக்காக இந்த வயதில் மூன்று ஆபீஸ் படி ஏறி இறங்குகிறேன். ஒவ்வொரு படியிலும் ஒருவன் "தாத்தா, நீங்கள் அந்த ஊர்க்காரரா?" என்று கேட்கிறான். இல்லை என்கிறேன். "அங்கே நிலம் இருக்கிறதா?" இல்லை. "பிறகு உங்களுக்கு என்ன?" இதற்குப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கடைசியில் நீயும் அதையேதான் கேட்கிறாய், கொஞ்சம் மரியாதையாக.

குழாய் கொடுத்தால் கரையைக் கொடுத்துவிடுவாயா? நிமாய் எங்கே வலை காயப்போடுவான்? அக்கரைப் பிள்ளைகள் எந்தத் துறையில் இறங்கிப் பள்ளிக்கூடம் வருவார்கள்? ஜெட்டிக்கு வேலி வந்தால் உங்களை உள்ளேயே விடமாட்டான். மேக்னா வரவேற்பு மேஜையில் நின்று உன்னைப் பார்த்து "யெஸ் சார்" என்பாள்.

லட்சுமி இதைப் படித்துவிட்டு, "அந்தப் பெண்ணைப் பற்றி எழுதினதை அடியுங்கள்" என்றாள். அடிக்கவில்லை. எழுதியது எழுதியதுதான்.

ஜனவரியில் பி.டி.ஓ. ஆபீசில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். நான் வருகிறேன். அதுவரை கையெழுத்துப் போடாதே.

மாணிக்கம்


கேயாபேரியா,
15 அக்டோபர் 2024

அண்ணே, உங்களுக்கும் அண்ணிக்கும் விஜயா பிரணாமம்.

துர்கா பூஜை முடிந்து பெரியவர்களை வணங்கி எழுதும் இந்தக் கடிதத்தில் சண்டை எழுதக் கூடாது என்பது இங்கே வழக்கம். மேக்னா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "இனிப்பாக எழுது" என்கிறாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது இன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

படித்துறைப் பக்கம் கம்பெனிக்காரர்கள் கூடாரம் போட்டிருக்கிறார்கள். ஜெயந்த் என்று ஒரு எஞ்சினியர். நல்ல பையன்தான், என்னை மேசோ என்று சித்தப்பா முறை வைக்கிறான், எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் தாளில் எழுதிக் காட்டிப் பேசுகிறான். நேற்று டீ கொடுத்தான். மேஜை மேல் விரித்திருந்த தாளைப் பார்த்தேன்.

அது ஜெராக்ஸ். ஆற்றின் ஆழம், முப்பது இடத்தில், அடிக்கணக்கில். ஏழுக்கு நடுவில் கோடு போடுகிற கை எனக்குத் தெரியாதா? ஓரத்தில் வட்டமாக ஒரு கறை. அது 2019இல் படகு ஆடி நான் சிந்தின டீ. கறைகூட ஜெராக்ஸில் வந்திருக்கிறது அண்ணே.

இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே எழுதிக் காட்டினான்: "ஒரு பழைய துறைமுக நிபுணர் கொடுத்தார், மேசோ. பன்னிரண்டு வருட அளவு. எங்கள் அளவு ஒரு வருடத்தது மட்டும்தான். இதைப் பார்த்த பிறகுதான் இந்த இடம் என்று முடிவாயிற்று. கரையை ஒட்டி இவ்வளவு ஆழம் வேறெங்கும் இல்லை."

கப்பலை என் மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நீங்கள். என்னைக் கையெழுத்துப் போடாதே என்பதும் நீங்கள்.

இனிப்பாக எழுதிவிட்டேனா என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன்.

மருதமுத்து


கிடர்பூர்,
4 நவம்பர் 2024

மருதமுத்து,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்தேன். இது நாலாவது.

போன வருடம் பங்குனியில் அந்த ஜெயந்த் என் வீடு தேடி வந்தான். கிடர்பூரில் லாரிக்கும் கைவண்டிக்கும் நடுவே வழி கேட்டுக் கேட்டு வந்து, செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்தான். துறைமுகத்தில் யாரோ சொன்னார்களாம், கீழாற்றைப் பற்றி மாணிக்கத்தைக் கேளுங்கள் என்று. மூன்று நாள் வந்தான். நான் பேசப் பேசக் குறித்துக்கொண்டான். "சார், இது ஒரு இன்ஸ்டிடியூட் செய்ய வேண்டிய வேலை" என்றான். என்னை எவனும் சார் என்றதில்லை. நீ சிரிப்பாய். சிரி. ஆராய்ச்சிக்கு என்றுதான் சொன்னான், நானும் நம்பினேன். எதற்கு என்று நான் சரியாகக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவானோ என்று பயம், நோட்டை இல்லை, அந்தப் பேச்சை.

ஆழம் எழுதிய நோட்டைக் கொடுத்தேன். இன்னொரு நோட்டு இருக்கிறது. அதைக் கொடுக்கவில்லை. உனக்கும் காட்டவில்லை.

நம் வேலையில் ஆழம்தான் வேலை. கப்பல் தரை தட்டாமல் போக வேண்டும், அதற்கு மேல் நம்மை யாரும் கேட்டதில்லை. கரை நம் வேலை இல்லை. ஆகையால் பெரிய நோட்டில் ஆழத்தை மட்டும் எழுதினேன். பழக்கம். ஆனால் ஒவ்வொரு வருடமும் நீ படகைக் கட்டும்போது, படித்துறை ஆலமரத்திலிருந்து கரை விளிம்பு எத்தனை அடி என்று நாடா பிடித்துச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடத்தில் நூற்றுப்பத்து அடி போயிருக்கிறது. கரையை ஒட்டி ஏன் அவ்வளவு ஆழம்? ஆறு அங்கே கரையின் அடியைத் தின்றுகொண்டிருக்கிறது. அதனால்தான் ஆழம். எஞ்சினியர் அதைக் கப்பலுக்கு வசதி என்று படித்தான். அவன் பேரில் தப்பில்லை, நான் கொடுத்த தாள் அப்படித்தான் சொல்லும்.

கரை பின்வாங்கும் கோட்டை நீட்டிப் பார்த்தால் ஆறேழு வருடத்தில் உன் வீடு. ஒரு பெரிய சரிவு வந்தால் ஒரே நாளில்.

இதை முன்பே சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பாய். அதனால் சொல்லவில்லை. இருக்காத நிலத்தை விடாதே விடாதே என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

கூட்டத்தில் அந்த நோட்டை வைக்கப் போகிறேன். அங்கே ஓட்டல் கட்டக் கூடாது.

மாணிக்கம்


கேயாபேரியா,
24 நவம்பர் 2024

அண்ணே,

எனக்குத் தெரியும்.

படகு கட்டுகிற மூங்கிலை வருடா வருடம் பிடுங்கிப் பின்னால் நட்டவன் நான்தான். எஞ்சின் ஓட்டுகிறவனுக்குக் கண் இருக்காது என்று நினைத்துவிட்டீர்கள். நீங்கள் நாடாவைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு மரத்தடிக்குப் போவதைப் பார்த்து, சரி, அண்ணன் ஒண்ணுக்குப் போகிறார் என்று திரும்பிக்கொள்வேன். நீங்கள் சொல்லாததை நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சொல்லாமல் இருந்தால் ஆறு நின்றுவிடும் என்று நினைத்தோமோ என்னவோ.

இப்போது ஒன்று கேட்கிறேன். முப்பது வருடம் ஒரே லாஞ்சில் இருந்தோம். உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

கூட்டத்தில் அந்த நோட்டை வைக்காதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் பத்திரம். பத்திரம் முடிந்ததும் மேட்டு வீட்டுச் சாவி. இரண்டு மாதம் அண்ணே. இரண்டு மாதம் பேசாமல் இருங்கள். நாற்பத்தொரு குடும்பமும் மேலே ஏறிவிடும். அப்புறம் கம்பெனி ஆச்சு, ஆறு ஆச்சு. அவர்களிடம் பெரிய பெரிய எஞ்சினியர்கள் இருக்கிறார்கள், கல்லைக் கொட்டுவார்கள், இரும்பை இறக்குவார்கள், ஏதோ செய்வார்கள். எங்களுக்கு யார் கல் கொட்டப் போகிறார்கள்?

ஆறு எடுத்துக்கொண்டால் ஒன்றும் கிடைக்காது. கம்பெனி எடுத்துக்கொண்டால் ஒரு வீடு கிடைக்கும். கணக்கு இவ்வளவுதான்.

இந்த வருடம் நீங்கள் ஆழம் பார்க்க வரவில்லை. நானும் படகை இறக்கவில்லை.

மருதமுத்து


கிடர்பூர்,
16 ஜனவரி 2025

மருதமுத்து,

கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நீ உட்கார்ந்திருந்தாய். நான் பேசியது உன் காதில் விழுந்திருக்காது. மேக்னா உனக்கு எழுதிக் காட்டியதைப் பார்த்தேன். நீ அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். நிமாய் எழுந்து, "இந்த மதராஸி புடோவுக்கு எங்கள் ஊரில் என்ன வேலை?" என்று கத்தியதும் காதில் விழுந்திருக்காது. கிழவனுக்கு என்ன வேலை என்று அவன் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. பன்னிரண்டு வருடம் அவன் பிடித்த மீனைத்தான் சாப்பிட்டேன்.

அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டினார். "இதை வேறு யாராவது சரிபார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை. வேறு யாருக்கும் இது தெரியாது என்றேன். என் ஆயுளில் அளவைப் பற்றிச் சொன்ன ஒரே பொய் அது. ஜெயந்த் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டம் முடிந்ததும் படித்துறைக்குப் போய் மரத்திலிருந்து விளிம்புவரை அவனே அளந்து பார்த்துவிட்டு வந்தான். நோட்டில் இருப்பதைவிட ஒன்பது அடி இன்னும் குறைந்திருக்கிறது என்றான். நேர்மையான பையன்.

நீ கேட்டதை ஏன் செய்யவில்லை என்று எழுத வேண்டும். நூற்றிருபது குடில். ஒன்றில் இரண்டு பேர் என்றாலும் இருநூற்று நாற்பது பேர் அந்த விளிம்பில் படுத்துத் தூங்குவார்கள். பெருக்குகிறவர்கள், சமைக்கிறவர்கள் உங்கள் ஊர்ப் பெண்கள்தான். வரவேற்பு மேஜையில் மேக்னா. எனக்குத் தெரிந்திருந்தும் நான் பேசாமல் இருக்க முடியுமா? ஒருமுறை பாதித் தாளைக் கொடுத்துவிட்டேன். மறுபடியும் கொடுக்கமாட்டேன்.

நான் செய்தது சரி. ஆனால் மேக்னா அம்மா கூட்டத்தின் நடுவில் எழுந்து, நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து வெளியே நடந்து போனதை இந்த வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் பார்க்கிறேன்.

முன்னறையைக் காலி செய்திருக்கிறோம். மூன்று பேருக்கும் இடம் போதும். லட்சுமி பாய்கூட வாங்கிவிட்டாள். வாருங்கள்.

மாணிக்கம்


கீழ்வளைவு,
18 செப்டம்பர் 2025

அண்ணே,

ஜனவரிக் கடிதமும் அதற்குப் பிறகு வந்த மூன்றும் கிடைத்தன. பதில் எழுத எதுவும் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

மார்ச்சில் கம்பெனி கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனது. நீங்கள் ஜெயித்தீர்கள். மேட்டு வீடுகளில் மாதிரிக்குக் கட்டின ஒன்றுதான் முழுதாக நிற்கிறது, அதில் இப்போது வைக்கோல் அடுக்கியிருக்கிறார்கள். மற்ற நாற்பது வீட்டிலும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். உங்களைக் கூட்டிக்கொண்டு வந்து பழக்கினவன் நான்தானே. டீக்கடையில் போய் நின்றால் கடைக்காரன் அடுப்பைப் பார்ப்பான். காது கேட்காதவனுக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைப்பீர்கள். இருக்கிறது.

ஆகஸ்டு பத்தாம் தேதி, சாப்பாட்டு நேரம், தரை ஒருமுறை நடுங்கியது. எனக்குக் காலில் தெரிந்தது. மேக்னா அம்மாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சமையலறையும் கொட்டகையும் ஆற்றுக்குள் போயின. மாட்டை அவிழ்த்துவிட முடிந்தது. மறுநாள் மிச்சமும் போயிற்று. பஞ்சாயத்தில் தார்ப்பாய் கொடுத்தார்கள். முப்பத்தேழு நாள் மண்கரை மேல் இருந்தோம்.

உங்கள் முன்னறைக்கு வரலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அவர் வீட்டுச் சோறு எனக்கு இறங்காது" என்றாள். அண்ணியிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

கம்பெனி மூன்று மைல் கீழே, வளைவைத் தாண்டி வேறு இடம் எடுத்திருக்கிறது. முதலில் எண்பது அறை கட்டுகிறார்கள். மேக்னா போய்க் கேட்டாள், வேலை கொடுத்துவிட்டார்கள். எனக்கும் கொடுத்தார்கள், ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ள. சத்தம் கேட்காவிட்டாலும் கையை வைத்தால் எனக்கு எஞ்சின் தெரியும் என்று ஜெயந்துக்குத் தெரியும். பின்னால் காங்கிரீட்டில் ஓர் அறை, மூன்று பேரும் இருக்கிறோம். மேக்னா அம்மா இங்கே வந்த மூன்று நாளும் தூங்கிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு தூக்கம் அவளிடம் எங்கே இருந்ததோ.

தினமும் காலையில் தண்ணீர் வற்றும்போது விளிம்புவரை நடந்துவிட்டு வருகிறேன். நாற்பது வருடப் பழக்கம், விடவில்லை. இந்தக் கரை எப்படி என்று கேட்பீர்கள்.

கேட்காதீர்கள். எனக்கு எழுபத்திரண்டு முடியப்போகிறது. நீங்கள் என் மேல் வைத்திருக்கும் பிரியம் உண்மையானால் இதை மட்டும் கேட்காதீர்கள்.

மருதமுத்து


கிடர்பூர்,
9 அக்டோபர் 2025

மருதமுத்து,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. தினமும் எடுத்துப் படித்துவிட்டு வைத்தேன். "பதில் எழுதாதீர்கள், எழுதினால் அதைத்தான் எழுதுவீர்கள்" என்று லட்சுமி சொன்னாள். பேனாவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போனாள். மளிகைக் கணக்கு எழுதுகிற பென்சில் கிடைத்தது.

மேக்னா அம்மா தூங்கட்டும். அவள் தூங்குகிறாள் என்று படித்தபோது எனக்கும் கண் அசந்தது, உட்கார்ந்தபடியே. நீங்கள் மூன்று பேரும் கூரைக்கு அடியில் இருப்பதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று எழுதத் தெரியவில்லை. அந்த ஆறுதலை நானே கெடுக்கக் கூடாது என்று பதினைந்து நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எண்பது அறை என்கிறாய்.

கரை எப்படி இருக்கிறது? எழுது.

மாணிக்கம்